புது டயர் போடுவதற்கு முன்னால் பழைய டயரைத் தடவிப் பாருங்கள்

போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஹோண்டா வேவ் 125 வாங்கினேன். வீடு பிறையில், வேலை பாயான் லெப்பாஸில். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்துதான் போய்வர வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது. காடியை (காரை) வீட்டில் விட்டுவிட்டுக் கப்சாயில் (வேவ் மாதிரிச் சின்ன மோட்டாரில்) போவதுதான் எனக்குக் கட்டுப்படியாகிறது. வாங்கிய இரண்டாவது வாரம் கழுவும்போதுதான் கவனித்தேன், பின் டயரின் இடது பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. வலது பக்கத்தில் கோடுகள் நன்றாகவே இருந்தன. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஒரு டயர் கடையில் 85 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் புதிதாக மாட்டிவிட்டேன். மாட்டிய பையன் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. கழற்றிய டயரைப் பின்னால் இருந்த குவியலில் தூக்கிப் போட்டான்.

நான்காவது மாதம் புது டயரின் இடது பக்கமும் அதே மாதிரி ஆகிவிட்டது.

தொழிற்சாலையில் எனக்கு வேலையே தரக் கட்டுப்பாடு. ஒரு சாமான் கோணலாக வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தால் போதாது, மிஷின் ஏன் கோணலாகத் தள்ளுகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு, என் சொந்த மோட்டாருக்கு மட்டும் அதை மறந்துவிட்டேன். அந்த எரிச்சலில் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. இதில் பெரும்பகுதியை வீட்டுப் போர்ச்சிலேயே செய்யலாம். பாதிக்கு மேல் காசே ஆகாது.

முதலில் கை

மோட்டாரை டபுள் ஸ்டாண்டில் போடுங்கள். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். என்ஜின் ஓடும்போது செயின் பக்கம் விரலைக் கொண்டு போனவர்களின் கதை எந்த மோட்டார் கடையில் கேட்டாலும் கிடைக்கும், வேண்டாம்.

டயரில் ஒட்டியிருக்கும் மண்ணை ஈரத் துணியால் துடையுங்கள். அப்புறம் கட்டை விரலை டயரின் இடது ஓரத்தில் வைத்து, மெதுவாக நடுப்பகுதி வழியாக வலது ஓரம் வரை இழுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நல்ல டயர் பானையின் வயிறு மாதிரி ஒரே வளைவாக ஏறி இறங்கும். தேய்ந்த டயரில் விரல் எங்கேயாவது தட்டும், இல்லை தட்டையாக வழுக்கும். சக்கரத்தைக் கால் சுற்று சுற்றி, இன்னொரு இடத்தில் அதையே செய்யுங்கள். மொத்தம் நான்கு இடம் போதும்.

அடுத்து குறுக்கே இல்லாமல் நீளவாக்கில். உள்ளங்கையை டயர் மேல் வைத்து முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை தடவுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழப்பாகவும் மறுபக்கம் வரும்போது ரம்பத்தின் பல் மாதிரி சொரசொரப்பாகவும் இருந்தால், ரப்பர் கட்டைகள் ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது சிரமம். நான் முன் டயரை ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒன்றும் தெரிந்ததில்லை.

கையில் பட்டது என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம்.

நடுப்பகுதி மட்டும் தட்டையாகி, இரண்டு ஓரமும் புதிது போல இருந்தால் பெரும்பாலும் உங்கள் பாதைதான் காரணம். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். நேர்க்கோடு இல்லையென்றாலும் மோட்டாரைச் சாய்க்கிற அளவுக்கு அதில் வளைவே கிடையாது. என்னைப் போலக் காலையும் மாலையும் அதில் போகிறவர்களின் பின் டயர் நடுவில்தான் தேயும். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப் பாதையில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் பையன்களின் டயரைப் பாருங்கள், ஓரம் வரை தேய்ந்திருக்கும். நேர் பாதை போதாதென்று காற்றும் அளவுக்கு மேல் அடித்திருந்தால் நடுப்பகுதி இன்னும் சீக்கிரம் போய்விடும். இப்படிச் சதுரமான டயரில் வளைவு எடுத்தால் மோட்டார் சாயத் தயங்கி, பிறகு படி தவறினது போலச் சட்டென்று விழும். அந்த உணர்வு வந்தால் கோடு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

நடுப்பகுதி நன்றாக இருந்து இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டயரில் ஒரே ஒரு இடம் மட்டும் வழுக்கையாக இருந்தால் யாரோ பின் பிரேக்கைப் பூட்டி இழுத்திருக்கிறார்கள். அவசரத்தில் நடந்திருக்கலாம், கூட்டாளிகளுக்கு முன்னால் காட்டுவதற்காகவும் நடந்திருக்கலாம். இதற்கு வண்டியில் தேட ஒன்றுமில்லை, டயரை மாற்றினால் போதும்.

ரம்பப் பல்லும், வட்டமாகக் குழி குழியாகத் தேய்வதும் கொஞ்சம் வேறு சமாசாரம். முன் டயரில் லேசான ரம்பப் பல் வருவது பிரேக் பிடிப்பதால், அது எல்லா மோட்டாருக்கும் உண்டு. ஆனால் குழி குழியாக இருந்தால் சக்கரம் சாலையில் ஒட்டிப் போகாமல் குதித்துக் குதித்துப் போகிறது. அதிர்ச்சியைத் தாங்கும் அப்சோபர் செத்திருக்கலாம், காற்று குறைவாக இருக்கலாம், ரிம் கோணலாக இருக்கலாம், பேரிங் ஆடலாம்.

கடைசியாக, என்னுடைய நோய். ஒரு பக்கம் மட்டும் தேய்வது.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வீணாகப் பயப்படுவீர்கள். நம் நாட்டில் டயரின் வலது பக்கம் இடது பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தேய்வது இயற்கை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். சந்திப்பில் இடது பக்கம் திரும்புவது சின்ன வளைவு, சட்டென்று முடிந்துவிடும். வலது பக்கம் திரும்பினால் எதிர்ச் சாலையையும் கடந்து பெரிய வளைவு எடுக்க வேண்டும். ரவுண்டபௌட்டில் சுற்றுவதும் வலது பக்கம் சாய்ந்துதான். இன்னொன்று, மழைத்தண்ணீர் வடிய சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்தித்தான் போடுவார்கள். இடது ஓரம் தாழ்வாக இருக்க, மோட்டார் நேராக நின்று ஓடும்போது சாலை தொடுவது டயரின் வலது பக்கத்தை. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இதெல்லாம் தலைகீழாக நடக்கும், அங்கே இடது பக்கம் தேயும்.

ஆக, வலது பக்கம் லேசாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடலாம். இடது பக்கம் தேய்ந்திருந்தாலோ, வலது பக்கமே அநியாயத்துக்குத் தேய்ந்திருந்தாலோ வண்டியில் ஏதோ கோணல் இருக்கிறது. எனக்கு இடது பக்கம். இது தெரிந்திருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பேன்.

“சைட் ஸ்டாண்டு போட்டே நிறுத்துறீங்க, அதான் இடது பக்கம் தேயுது” என்று என் கூட வேலை செய்யும் ஒருவர் அடித்துச் சொன்னார். நிற்கிற டயர் எப்படித் தேயும் என்று கேட்டேன். பதில் இல்லை, ஆனால் இன்னமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காற்று

காரணம் தேடும்போது காசில்லாத இடத்தில் தொடங்க வேண்டும். காற்று எவ்வளவு வேண்டும் என்று செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பழைய வண்டியில் அது உரிந்து போயிருந்தால் அதே மாடல் வைத்திருக்கும் யாருடைய மோட்டாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். என் வேவுக்கு முன் டயர் 200 கேபிஏ (kPa). பின் டயர் தனியாக ஓட்டினால் 225, பின்னால் ஆள் ஏறினால் 280. பழைய ஆட்கள் பிஎஸ்ஐ கணக்கில்தான் பேசுவார்கள், அவர்களுக்கு 29, 33, 41.

அந்த 225க்கும் 280க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். தினமும் மனைவியையோ மகனையோ ஏற்றிக்கொண்டு போகிறவர், சாப்பாட்டுப் பெட்டி கட்டி டெலிவரி ஓட்டுகிறவர், எல்லாருக்கும் ஒரே காற்று கிடையாது. ஆள் ஏற்றிக்கொண்டு 225இல் ஓட்டினால் ஓரம் தேயும், தனியாக ஓட்டும்போது 280 வைத்தால் நடுப்பகுதி தேயும்.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பாலத்தைக் கடந்து வந்த சூட்டில் அளந்தால் அதிகமாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நான் சனிக்கிழமை காலை பசியாறப் போகும் வழியில் வீட்டுக்குப் பக்கத்துப் பெட்ரோல் ஸ்டேஷனில் அடித்துவிடுவேன். அங்கே இருக்கும் டிஜிட்டல் மிஷினில் எண்ணை வைத்துவிட்டால் அதுவே அடித்து, சத்தம் போட்டு நின்றுவிடும். ஒரே தொல்லை, அந்தக் குழாயின் தலை காடிக்காகச் செய்தது. ஸ்போக் கம்பிகளுக்கு நடுவே அது நுழையாது. சக்கரத்தைச் சுற்றி வால்வை அடிப்பக்கம் கொண்டுவந்து, பக்கவாட்டில் சாய்த்து நுழைத்தால் ஒரு மாதிரியாகப் பிடித்துக்கொள்ளும். காற்றுக் கசியும் சத்தம் கேட்டால் மிஷின் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். இதற்காகவே பேனா அளவில் ஒரு காற்று அளவி வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறேன்.

ஆட்டிப் பார்ப்பது

காற்று சரியாக இருந்தும் தேய்ந்தால், ஆடக் கூடாதது ஏதாவது ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். டபுள் ஸ்டாண்டில் பின் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும். சக்கரத்தின் மேல் பக்கத்தை ஒரு கையாலும் கீழ்ப் பக்கத்தை இன்னொரு கையாலும் பிடித்து, ஒன்றைத் தள்ளி மற்றொன்றை இழுங்கள். டக் டக் என்று ஒரு அசைவு கையில் பட்டால் பேரிங் போய்விட்டது. பிறகு ஸ்விங் ஆர்மைப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டுங்கள். அது ஆடினால் அதன் மூட்டில் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டிலும் அசைவு ஒரே மாதிரிதான் தோன்றும், அதனால் எது ஆடுகிறது என்பதை அருகில் குனிந்து, கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன் சக்கரத்துக்கு வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பின் சீட்டை அமுக்கச் சொல்ல வேண்டும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். என் அம்மா சீட்டில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே எனக்கு இந்த உதவியைச் செய்வார். முன் சக்கரத்துக்கும் அதே ஆட்டம். அதோடு முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். அசைந்தால் கோன், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங், லூஸ். ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் மட்டும் ஏதோ பள்ளத்தில் விழுந்து நிற்பது போல இருந்தால், கோனில் குண்டுகள் குழி பறித்துவிட்டன. இதைக் கடையில்தான் மாற்ற வேண்டும்.

ரிம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஸ்விங் ஆர்மில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் வாலை ரிம்முக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்படி வெட்டுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், எங்கே இடைவெளி கூடுகிறது, எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். பக்கவாட்டில் ஆடினாலும் மேலும் கீழும் ஏறி இறங்கினாலும் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்போக் ரிம்மைக் கடையில் கம்பி முறுக்கி நேராக்கிவிடுவார்கள். கம்பி இல்லாமல் வார்த்த ஸ்போர்ட்ஸ் ரிம் வளைந்தால் அதைத் தட்டி நிமிர்த்துகிறேன் என்று சொல்பவர்களை நான் நம்ப மாட்டேன்.

ரிம் நேராக இருந்தும் டயர் மட்டும் குதிக்கிறதா? டயர் ரிம்மைச் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் டயரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் ரிம்முக்குள் மறைந்துவிட்டால், பஞ்சர் ஒட்டியவர் டயரைச் சரியாக உட்கார வைக்கவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடித்தால் போதும்.

அப்சோபருக்குப் பெரிய சோதனை ஒன்றும் இல்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கி விடுங்கள். ஒரு தடவை ஏறி நின்றால் சரி, இரண்டு மூன்று தடவை ஆடினால் உள்ளே எண்ணெய் இல்லை. ஃபோர்க் காலில் எண்ணெய்ப் பிசுக்கு வளையமாகத் தெரிந்தால் சீல் போய்விட்டது.

என் மோட்டாரில் இது எதிலும் பிழை இல்லை. மேலே சொன்ன அத்தனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து முடித்து, கறுத்துப் போன கையோடு போர்ச்சில் உட்கார்ந்திருந்தேன்.

கோடு பொய் சொல்லும்

பின் சக்கரம் நேராக மாட்டியிருக்கிறதா என்பதற்கு எல்லாரும் பார்ப்பது ஸ்விங் ஆர்மின் நுனியில் இருக்கும் கோடுகளைத்தான். செயினை இறுக்கும்போது இடது பக்க அட்ஜஸ்டரும் வலது பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நானும் பார்த்தேன். இரண்டும் மூன்றாவது கோட்டில் அழகாக நின்றன.

எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் மோட்டார் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டு போனேன். அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து, செயின் மாட்டியிருக்கும் பல் சக்கரமான பின் ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்தார், அதன் பற்களில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்ததைக் காட்டினார். “செயின் சாய்ந்து ஓடுது தங்கச்சி. ஹேண்டில் எப்படி நிக்குது, நேராப் போகும்போது?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பாலத்தில் போகும்போது ஹேண்டில் எப்போதும் இம்மி அளவு இடது பக்கம் திரும்பித்தான் இருக்கும். வாங்கிய நாளிலிருந்தே அப்படி இருந்ததால் அது பழகிப்போயிருந்தது.

“அட்ஜஸ்டர் தட்டைப் பாருங்க” என்றார். இடது பக்கத் தட்டு துரு ஏறிப் பழையதாக இருந்தது. வலது பக்கத் தட்டு வெள்ளையாக, புதிதாக இருந்தது. முன்னாடி வைத்திருந்தவர் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார், அதுவும் வேறு ஏதோ மாடலுடையதை. கோடு அடித்திருக்கும் இடமே வேறு. இரண்டு பக்கமும் மூன்றாவது கோட்டில் நின்றாலும் சக்கரம் கோணலாகத்தான் நிற்கும்.

வீட்டில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, ஸ்விங் ஆர்ம் மாட்டியிருக்கும் போல்ட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளப்பது. தையல் டேப் வேண்டாம், அது இழுபடும். வலது பக்கம் சைலன்சர் மறைத்துக்கொண்டு இரும்பு டேப்பையும் நேராகப் பிடிக்க விடாது. அதற்கு ஒரு யோசனை: ஒரு மெல்லிய பிவிசி குழாயை எடுத்து அதில் இரண்டு ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள். இடது பக்கத்தில் குழாயை வைத்து, ஒரு ரப்பர் பேண்டை போல்ட்டின் நடுவுக்கும் இன்னொன்றை அச்சின் நடுவுக்கும் நகர்த்துங்கள். அதே குழாயை அப்படியே வலது பக்கம் கொண்டு போய் வையுங்கள். இரண்டு ரப்பர் பேண்டும் அங்கேயும் நடுவில் விழுந்தால் சக்கரம் நேர். எனக்கு 3 மில்லிமீட்டர் விலகியது, இடது பக்கம் பின்னால் தள்ளி இருந்தது.

3 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நூல் கட்டிப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

நூல் கட்டுவது இரண்டாவது வழி. மெல்லிய தூண்டில் நூல் போதும். பின் டயரின் பின்பக்கமாக அதைச் சுற்றி, இரண்டு முனையையும் வண்டியின் இரண்டு பக்கமாக முன்னால் கொண்டு வாருங்கள். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், ஸ்டாண்டிலும் சைலன்சரிலும் படாமல் போக வேண்டும். முன் சக்கரத்துக்கு ஒரு அடி முன்னால் இரண்டு பெயிண்ட் டின்னை வைத்து, முனைகளை அதில் கட்டி இறுக்குங்கள். டின்களை மெதுவாக உள்ளே நகர்த்துங்கள். நூல் பின் டயரின் பின் ஓரத்தையும் முன் ஓரத்தையும் ஒருசேர லேசாகத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். அழுத்தக் கூடாது, முத்தம் கொடுப்பது போலத் தொட வேண்டும். இப்போது ஹேண்டிலை நேராக வைத்து, முன் டயருக்கும் நூலுக்கும் இருக்கும் இடைவெளியை இரண்டு பக்கமும் பாருங்கள். என் வண்டியில் பின் டயர் 80 அகலம், முன் டயர் 70. கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீட்டர் இடைவெளி வர வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி டயரின் உண்மையான அகலம் கொஞ்சம் மாறும், ஆகவே 5 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எனக்கு ஒரு பக்கம் நூல் முன் டயரின் மேலேயே முட்டி வளைந்து நின்றது. மறுபக்கம் இரண்டு விரலைத் தாராளமாக நுழைக்க முடிந்தது. பின்னால் இருந்த 3 மில்லிமீட்டர், வண்டியின் நீளத்துக்கு நீண்டு முன் சக்கரத்துக்கு வரும்போது 2 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. நான்கு மாதமாக நான் நண்டு மாதிரிதான் பாலத்தைக் கடந்திருக்கிறேன்.

சரி செய்வது சுலபம். ஒரு ஜோடி அட்ஜஸ்டர் தட்டு, 12 வெள்ளி. இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் இத்தனையும். பின் அச்சின் நட்டைத் தளர்த்த வேண்டும். வேவ் மாதிரி வண்டிகளில் செயின் பக்கத்தில் பெரிய ஸ்லீவ் நட்டு ஒன்றும் இருக்கிறது, அதையும் தளர்த்தாவிட்டால் சக்கரம் நகராது. இது தெரியாமல் அட்ஜஸ்டர் திருகை முறுக்கி உடைத்தவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, ரப்பர் பேண்ட் குழாயால் அளந்துகொண்டே போங்கள். செயின் மேலும் கீழும் சேர்த்து மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு ஆட வேண்டும், சக்கரத்தைச் சுற்றி இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். எல்லா நட்டையும் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளந்து பாருங்கள், இறுக்கும்போதே சக்கரம் நகர்ந்துவிடும். கடைசியில் பின் பிரேக் மிதியையும் மிதித்துப் பார்க்க வேண்டும், அச்சு நகர்ந்ததும் பிரேக் கம்பியின் அளவு மாறியிருக்கும்.

இரண்டு பக்க நீளமும் சமமாக இருந்தும் நூல் ஒத்துவரவில்லை என்றால் ஸ்விங் ஆர்மோ, ஃபோர்க்கோ, சட்டமோ வளைந்திருக்கிறது. வண்டி எங்கேயோ விழுந்திருக்கிறது. அது வீட்டு வேலை இல்லை, கடைக்குப் போங்கள்.

வாங்கப் போகும்போது

இதெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். பட்டர்வொர்த்தில் ஒரு கப்சாய் விற்பனைக்கு இருக்கிறது, “அக்கா, கொஞ்சம் வந்து பார்த்துக் கொடுங்க” என்றாள். போனோம். விற்பவர் முதலிலேயே சொன்னது, “ரெண்டு டயரும் புதுசு தங்கச்சி, நேத்துதான் போட்டேன்.” அவளுக்கு முகம் மலர்ந்தது, எனக்குச் சுருங்கியது. விற்கப் போகிற வண்டிக்கு யாராவது நேற்று புது டயர் போடுவார்களா? நல்ல மனசாகவும் இருக்கலாம். ஆனால் பழைய டயர் சொல்லக்கூடிய கதை அங்கே அழிந்துபோயிற்று.

“பழைய டயர் இருக்கா அங்கிள்?” என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் போய் எடுத்து வந்தார். முன் டயர் குழி குழியாக இருந்தது. நேராகப் போய் ஃபோர்க் காலைத் தடவினேன், விரலில் எண்ணெய் வந்தது. கோனும் லேசாக ஆடியது. அவள் 250 வெள்ளி குறைத்துக் கேட்டு வாங்கினாள். அந்தக் காசில் சீலும் கோன் செட்டும் மாற்றியாயிற்று.

பழைய டயர் கிடைக்காவிட்டால் ஸ்ப்ராக்கெட் பல்லைப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிறதா என்று. அட்ஜஸ்டர் தட்டு இரண்டும் ஒரே வயதா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நேரான சாலையில் ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். முன் டயர் 60/80-17 மாதிரி ஒல்லியாக இருந்தால் ஸ்டிக்கரில் இருக்கும் அளவையும் பாருங்கள். வேகத்துக்காகக் குறைத்து மாட்டியிருப்பார்கள், அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்று அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

புது டயர்

காரணத்தைச் சரி செய்த பிறகுதான் டயர். பக்கச் சுவரில் இருப்பதைப் படித்து வாங்குங்கள். என் பின் டயரில் 80/90-17 50P என்று இருக்கிறது. 50 என்றால் 190 கிலோ தாங்கும், P என்றால் 150 கிலோமீட்டர் வேகம் வரை. இன்னொரு மூலையில் நான்கு எண் சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. கடையில் அலமாரிக்கு மேலே வருஷக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த டயரை மலிவு விலை என்று தலையில் கட்டுவார்கள், அந்த நான்கு எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுங்கள்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அது வண்டி முன்னோக்கிப் போகும் திசையைக் காட்ட வேண்டும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும், டயரின் எடை குறைந்த இடம் அது. இதைச் சொன்னால் சில கடைகளில் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

புது டயர் வழுக்கும். முதல் 100, 150 கிலோமீட்டருக்கு மழையில் பிரேக்கைப் பார்த்துப் பிடியுங்கள், வளைவில் அதிகம் சாயாதீர்கள். எனக்கு அது பிறையிலிருந்து மூன்று நாள் வேலைக்குப் போய்வருகிற தூரம்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சனிக்கிழமை காற்று அடிக்கும் அன்றே, கட்டை விரலை மறுபடி டயரின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். என் பின் டயரில் இப்போது 6,000 கிலோமீட்டர் ஆகிறது. நடுப்பகுதி லேசாகத் தட்டையாகியிருக்கிறது, வலது பக்கம் இம்மி அளவு கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. இடது பக்கத்தில் இன்னும் கோடு இருக்கிறது.